சத்தம் வராத துப்பாக்கிக்குக் குண்டு வாங்கிய கதை

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் புது மாப்பிள்ளையை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. அவர் ரசத்தைப் பாயசம் என்று சொன்னால், "ஆமாங்க, கொஞ்சம் புளிப்பான பாயசம்" என்று இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள். கல்யாணமான புதிதில் இப்படி ஒரு மரியாதை கிடைத்தால் மனிதனுடைய புத்தி என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. மற்ற மாப்பிள்ளைகளுக்கு மரியாதை மட்டும் கிடைத்தது. எனக்கு அதோடு ஒரு துப்பாக்கியும் கிடைத்தது.

நான் நன்னிலம் பக்கத்து ஆள். ஊரில் பாதிப் பேர் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டிருந்த தொண்ணூறுகளில் நானும் எடுத்து மஸ்கட் போனேன். ஒரு கட்டடக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. சிமெண்ட் மூட்டை, பெயிண்ட் டப்பா, பாத்ரூம் குழாய் இவையெல்லாம் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். (ஊரில் கேட்டால் ஸ்டோர் இன்சார்ஜ். கல்யாணப் பத்திரிகையில் மேனேஜர்.) மனைவி சுமதிக்குத் திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகிற வழியில் ஒரு கிராமம். கல்யாணம் முடிந்ததும் நான் மட்டும் திரும்பிப் போய், அடுத்த லீவில் அவளை அழைத்துப் போவதற்காக வந்திருந்தேன். அவளுக்கு விசா தயார். மாமனார்தான் தயாராக இல்லை.

மாமா கெட்டவர் இல்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. (மாப்பிள்ளையிடம் அப்படிச் சொல்ல முடியாது.) "அறுப்பு ஆவட்டும், பாப்போம் மாப்ள" என்பார். என் லீவு பொங்கலோடு முடிகிறது. அங்கே சம்பா அறுப்பு தை கடைசியில். அப்படியென்றால் நான் மறுபடி தனியாகப் போய், மறுபடி ஒரு வருஷம் கழித்து வர வேண்டும். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தை மூலமாக விசாரித்ததில் மாமாவின் கவலை தெரிந்தது. "தெரியாத தேசத்துல ஒரு ஆபத்து அவசரம்னா இவரு ஒத்தை ஆளு என்ன பண்ணுவாரு? ஆளைப் பாத்தா கரப்பான்பூச்சிக்கே வழி விடுவாரு போல இருக்கு" என்றாராம். (உண்மைதான். விட்டிருக்கிறேன்.)

அந்த நேரத்தில்தான் காட்டுப்பன்றிகள் வந்தன. மார்கழி மாதம், நெல் பால் பிடிக்கிற பருவம். கடற்கரைப் பக்கத்துக் கருவைக் காட்டிலிருந்து குடும்பத்தோடு வரும். தின்பது கொஞ்சம், புரள்வது அதிகம். காலையில் போய்ப் பார்த்தால் வயல் நடுவில் யாரோ பாய் விரித்துப் படுத்துப் போன மாதிரி இருக்கும்.

வெடி போட்டு விரட்டலாமே என்று உங்களுக்குத் தோன்றும். விரட்டலாம். ஆனால் அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெடிக்குப் பயந்து ஓடிய பன்றி யார் வயலில் போய் இறங்குகிறதோ, அவருடைய நஷ்டத்துக்கு வெடி போட்டவர் பொறுப்பு. யார் போட்டார்கள் என்பதற்குச் சத்தம்தான் சாட்சி. போன வருஷம் மாமா வெடி போட்டு, பன்றிகள் பக்கத்து வயலுக்குப் போய், பஞ்சாயத்தாகி, மாமா தலை குனிந்து நின்றிருக்கிறார். பக்கத்து வயல்காரர் கோவிந்தராசு, மாமாவுக்குப் பங்காளி, ஒன்றுவிட்ட தம்பி. சுமதிக்குச் சித்தப்பா. அதிலிருந்து அண்ணன் தம்பி இருவரும் மிகவும் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். டெல்டாவில் பங்காளிகள் மரியாதையாகப் பேசிக்கொண்டால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

மாமாவிடம் பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. எலெக்‌ஷன் அறிவித்துவிட்டதால் அது போலீஸ் ஸ்டேஷனில் இருந்தது. லைசென்ஸ் துப்பாக்கி எல்லாவற்றையும் எலெக்‌ஷன் முடிகிறவரை ஒப்படைத்துவிட வேண்டும். இந்த விவரம் பன்றிகளுக்கும் தெரிந்திருந்தது என்பது மாமாவின் கருத்து.

ஒருநாள் சாப்பிடும்போது மாமா புலம்பினார். "சத்தம் போடாம வெரட்டணும். போற பன்னி எங்கேந்து போச்சுன்னு யாருக்கும் தெரியக்கூடாது. அதுக்கு வழி இல்லையே."

எனக்கு மூன்றாவது முறை சாம்பார் ஊற்றியிருந்தார்கள். அந்தத் தெம்பில் சொன்னேன்.

"சத்தமே வராத துப்பாக்கி இருக்கு மாமா. மஸ்கட்ல அரபிங்க எல்லாம் அதுலதான் சுடுவாங்க."

மஸ்கட்டில் நான் பார்த்த ஒரே ஆயுதம் எங்கள் ஸ்டோர் வாட்ச்மேன் வைத்திருந்த குடை. ஆனால் மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் முதல்முதலாக ஒரு ஆண்பிள்ளையைப் பார்க்கிற பார்வை அது.

"சத்தமே வராதா? கொஞ்சங்கூடவா?"

"பக்கத்துல நிக்கிறவனுக்கே கேக்காது மாமா."

"நீங்க சுட்டிருக்கீங்களா மாப்ள?"

"சுடறது என்ன மாமா பெரிய விஷயம்? குண்டு தேர்ந்தெடுக்கறதுலதான் இருக்கு எல்லாம்" என்றேன். இது எப்படி என் வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த சுமதி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மோரை எடுத்து வரப் போனாள்.

மாமா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பன்றி சாகக்கூடாது. ஒரு சொட்டு ரத்தம்கூட வரக்கூடாது. செத்தால் ஃபாரஸ்ட்காரன் கேஸ் போடுவான், அது ஒன்று. பெருமாள் எடுத்த அவதாரம், அது இன்னொன்று. மாமா திருமண் போடுகிறவர். ஆக, பன்றி ஓட வேண்டும், சாகக்கூடாது, சத்தம் வரக்கூடாது, போகிற இடம் கோவிந்தராசு வயலாக இருந்தால் ஆட்சேபணை இல்லை.

மறுநாள் நானும் சுமதியும் பஸ் பிடித்துத் தஞ்சாவூர் போனோம். கேரம் போர்டும் ஷட்டில் பேட்டும் விற்கிற ஒரு கடையில், லைசென்ஸ் கேட்காத ஏர் கன் இருந்தது. அதற்குப் போடுகிற குண்டு ஈயத்தில், பச்சைப்பயறு அளவுக்கு இருக்கும். நான் குண்டு கேட்ட தோரணையில் கடைக்காரர் எழுந்து நின்றார்.

"எதுக்கு சார்? காக்கா குருவி விரட்டவா?"

"காட்டுப்பன்னிக்கு."

அவர் என்னையும் சுமதியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "பன்னி மேல உங்களுக்கு ஏதும் கோவமா சார்?" என்றார்.

"கோவம் இல்ல. சாகக்கூடாது. ஓடினா போதும்."

"அப்ப கரெக்டான துப்பாக்கிதான் சார். சாகாது. அதுக்கு நான் கியாரண்டி."

மூன்று டப்பாக்களைத் திறந்து வைத்தார். ஒன்றில் கூர்மூக்குக் குண்டு, ஒன்றில் உருண்டைத் தலை, ஒன்றில் தட்டைத் தலை. நான் ஒவ்வொன்றையும் விரலில் வைத்து உருட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஸ்டோர் கீப்பர் புத்தி, "இதுல ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கா?" என்று கேட்டேன். குழாய்க்குக் கேட்கிற கேள்வி. கடைக்காரர் மரியாதையாக டப்பாவைத் திருப்பித் திருப்பித் தேடினார். என் கையில் கல்யாண மோதிரம் புதிதாக மின்னியது. புது மாப்பிள்ளை என்று அவரும் கண்டுபிடித்திருப்பார்.

"எது சார் வேணும்?"

"கூர்மூக்கு. காட்டுப்பன்னிக்குத் தோலு தடிமன். ஊடுருவணும்" என்றேன்.

"ஊடுருவினா ரத்தம் வருமே?" என்றாள் சுமதி. "அப்பா வரக்கூடாதுன்னாங்கள்ல?"

"அதுக்கெல்லாம் ஒரு கணக்கு இருக்கு. உனக்குப் புரியாது."

"சரிங்க. குறுக்க யாராவது வந்துட்டா?"

"விடிகாலையில வயலுக்குள்ள யாரு வருவா?" என்று சிரித்தேன். கடைக்காரரும் மரியாதைக்குச் சிரித்தார். சுமதி சிரிக்கவில்லை. தட்டைத் தலை டப்பாவை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, "இதுக்கு பில் போட்டுடுங்க" என்றாள். வீட்டில் போய், தட்டைக் குண்டுதான் பன்றிக்கு ஏற்றது என்று அரைமணி நேரம் விளக்கினேன்.

சாயங்காலம் கொல்லையில் வெள்ளோட்டம். வைக்கோல் போர்மேல் ஒரு பரங்கிக்காயை வைத்தார் மாமா. பல தடவை சுட்டேன். ஒரு குண்டு கடைசியில் பரங்கிக்காயைத் தொட்டது. தொட்டுத் தெறித்து, போருக்குப் பின்னால் மேய்ந்துகொண்டிருந்த பசுமேல் பட்டது. பசு ஈ உட்கார்ந்தது போல வாலால் அந்த இடத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு மேய்ந்தது. கண் உள்ளவனுக்கு அது போதும். நான் மாப்பிள்ளை.

"பசுவுக்கே வலிக்கல பாருங்க. உயிர்ச்சேதம் இருக்காது" என்றேன்.

"இருக்காது மாப்ள" என்று மாமா ஒப்புக்கொண்டார். "ஆனா 'டப்'புன்னு ஒரு சத்தம் வருதே?"

வந்தது. பலகையை எறிந்தது போல ஒரு சத்தம். அடுத்த வயலுக்குத் தாராளமாகக் கேட்கும். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு உள்ளே போய், மாமாவுக்கென்று நான் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்திருந்த, புலிப்படம் போட்ட கனமான கம்பளியை எடுத்து வந்தேன். துப்பாக்கியைக் கம்பளியால் சுற்றிப் போர்த்திக்கொண்டு சுட்டதில் சத்தம் யாரோ தும்மலை அடக்கிக்கொண்டது போல ஆகிவிட்டது. குறி பார்க்கிற முள்ளும் கம்பளிக்குள் போய்விட்டது. அதை யாரும் சொல்லவில்லை. "அரபி மூளை" என்று மாமா மட்டும் பாராட்டினார்.

அடுத்த நாள் விடிகாலை நானும் மாமாவும் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் வரப்போரமாக உட்கார்ந்தோம். பனி கொட்டியது. நானும் துப்பாக்கியும் ஒரே கம்பளிக்குள் இருந்தோம். கம்பளி நனைந்து, நிஜப் புலி அளவுக்குக் கனத்தது. லேசாக வெளுக்கிற நேரத்தில், கோவிந்தராசு வயல் பக்கமிருந்து பயிர் அசைந்தது. பன்றிகள் வரிசையாக வரப்பைத் தாண்டி எங்கள் வயலுக்குள் இறங்கின. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒன்று வந்தது. மற்றவற்றைவிடப் பெரியது. அவசரமில்லாமல் வந்தது. வரப்பின் மேல் கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு இறங்கியது. இப்படி ஒரு நிதானமான பன்றியை நான் பார்த்ததில்லை. (நான் அதற்கு முன் எந்தக் காட்டுப்பன்றியையும் பார்த்ததில்லை.)

"எதைச் சுடப்போறீங்க மாப்ள?" என்று மாமா காதருகில் கேட்டார்.

"கடைசியில வருதே, அந்தப் பெருச. அதான் தலைவன். அதுக்கு ஒண்ணு விட்டா மத்ததெல்லாம் தானா ஓடிடும்."

மாமா தலையைத் தூக்கிப் பார்த்தார். கண்ணை இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மெதுவாகக் குனிந்து உட்கார்ந்துகொண்டார்.

"மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

சுட்டேன். சத்தம் வரவில்லை. தலைவன் பன்றி இரண்டு காலில் நிமிர்ந்தது. முன்னங்கால் இரண்டையும் பின்னால் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டது. தலையில் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்த சாக்கு நழுவி விழுந்தது. அதைக் குனிந்து எடுக்க முயன்று, முடியாமல், விட்டுவிட்டு, வரப்பேறி, கால்களை அகட்டி அகட்டி வைத்துக்கொண்டு இருட்டில் நடந்து போனது. ஒரு முனகல்கூட இல்லை. மற்ற பன்றிகள் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத் தின்பதைத் தொடர்ந்தன.

நான் மாமாவின் கையைப் பிடித்தேன். "மாமா, அது ரெண்டு கால்ல நடக்குது."

"ஆமா மாப்ள. நானும் பாத்தேன்."

"யாரு மாமா அது?"

"பன்னின்னுதானே மாப்ள சொன்னீங்க?" என்றார் மாமா, மிகவும் பணிவாக.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. ஆளைச் சுட்டிருக்கிறேன். போலீஸ் வரும். பாஸ்போர்ட்டைப் பிடுங்குவார்கள். சுமதியை அழைத்துப் போவது இருக்கட்டும், நானே மஸ்கட் போக முடியாது. நடந்ததைச் சுமதியிடம் சொல்லவே மத்தியானம் ஆகிவிட்டது. கதறி அழாத குறை.

அவள் கேட்டது ஒரே கேள்வி. "தட்டைக் குண்டுதானே?"

"ஆமா."

"அப்ப உள்ள போயிருக்காது. இருங்க, பாத்துட்டு வரேன்" என்று குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். திரும்பி வரும்போது முழு விவரமும் வந்தது. கோவிந்தராசு சித்தப்பா திருத்துறைப்பூண்டி டாக்டரிடம் போய்விட்டு வந்திருக்கிறார். டெம்போவில் குப்புறப் படுத்துக்கொண்டு போனாராம். கருவை முள் குத்திவிட்டது என்று சொல்லியிருக்கிறார். உட்காருகிற இடத்தின் இரண்டு பக்கங்களில் இடது பக்கத்தில், நெல்லிக்காய் அளவுக்கு வீக்கம். தோல் கிழியவில்லை.

"அவரு ஏன் ஒரு சத்தம்கூடப் போடல?" என்று கேட்டேன்.

"போட்டா, விடியறதுக்கு முன்னாடி சாக்கைப் போட்டுக்கிட்டு அண்ணன் வயலுக்குள்ள உனக்கு என்ன வேலைன்னு ஊரு கேக்குமே" என்றாள். "தெனமும் மண்ணாங்கட்டி எறிஞ்சு, சத்தம் போடாம, அவரு வயல் பன்னிய நம்ம வயலுக்குள்ள ஓட்டி விட்டுக்கிட்டு இருந்திருக்காரு. கடைசிவரைக்கும் வந்து விட்டுட்டுப் போற மனுஷன்."

"இருட்டுல உங்கப்பாவுக்கும் அடையாளம் தெரியல பாரு" என்றேன்.

சுமதி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "எங்கப்பாவுக்குப் பூரான் ஆணா பொண்ணான்னு இருட்டுல தெரியும்" என்றாள்.

சாயங்காலம் கோவிந்தராசு வீட்டுக்கு வந்தார். காலில் விழுந்துவிடுவது என்று தீர்மானித்து எழுந்தேன். மாமா முந்திக்கொண்டார்.

"வா கோவிந்தராசு. உக்காரு."

"இல்லண்ணே, நிக்கிறேன்."

"நான் சொன்னா கேக்க மாட்டான். மாப்ள, நீங்க சொல்லுங்க."

எனக்கு அந்த நேரத்தில் மூளை வேலை செய்யவில்லை. "உக்காருங்க சின்ன மாமா" என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வார்த்தையைத் தட்ட முடியாது. இரும்பு மடக்கு நாற்காலி. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்கார்ந்தார். அந்த முகத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. மாமா உள்ளே பார்த்து, "காப்பி சூடா கொண்டாங்க, தம்பி ஆற அமரக் குடிக்கட்டும்" என்றார்.

காப்பியை மூன்றே மடக்கில் முடித்துவிட்டு அவர் விஷயத்துக்கு வந்தார். "அண்ணே, சுமதியை மாப்ளகூட அனுப்பி வெச்சிடு."

மாமா நிமிர்ந்தார். "அறுப்பு ஆவட்டும்னு இருக்கேன்."

"அறுப்பு கெடக்குது. ரெண்டு வயலுக்கும் சேத்து நானே காவல் பாத்துக்கறேன். பன்னி உன் பக்கம் வராது, அது என் பொறுப்பு. சின்னஞ்சிறுசுங்கள ஏன் பிரிச்சு வெச்சிக்கிட்டு? பொங்கலுக்கு முந்தியே கெளம்பினாலும் எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல."

"அப்படி என்ன அவசரம் கோவிந்தராசு?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "மாப்ள கையில ஒரு வேகம் இருக்குண்ணே. இந்த ஊரு சின்ன ஊரு" என்றார்.

மாமா ரொம்ப நேரம் மோவாயைத் தடவினார். "அந்தத் தேசத்துல ஒரு ஆபத்துன்னா இவரு சமாளிப்பாரான்னுதான் யோசிச்சேன்."

"சமாளிப்பாரு. அதுக்கு நான் உத்தரவாதம்" என்றார் கோவிந்தராசு. அந்தச் சிபாரிசில் ஒரு வலு இருந்தது. மாமா உள்பக்கம் திரும்பி, "சுமதி, பெட்டிய எடுத்து வெய்ம்மா" என்றார். சமையலறையில் ஒரு டம்ளர் கீழே விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் மாமா எதிரிலேயே துடைத்துக்கொண்டேன்.

கோவிந்தராசு புறப்பட்டபோது வாசல்வரை பின்னால் ஓடினேன். "சின்ன மாமா, காலையில வயல்ல..."

"காலையில நான் வயலுக்கே போகல மாப்ள. வீட்டுல தூங்கிக்கிட்டு இருந்தேன்."

"அப்ப அந்த முள்ளு?"

"தூங்கும்போதுதான் குத்திச்சு" என்று சொல்லிவிட்டுக் கால்களை அகட்டி வைத்து நடந்து போனார்.

அந்தப் பொங்கலுக்கு நாங்கள் மஸ்கட்டில் இருந்தோம். பன்றிகள் அந்த வருஷம் இரண்டு வயலிலும் பாரபட்சமில்லாமல் புரண்டுவிட்டுப் போயின என்று அத்தை போனில் சொன்னார். பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தார்கள். வளைகுடாவில் யாரும் சும்மா இருந்துவிட முடியாது, ஒவ்வொருவரையும் அழைத்து வந்து பொறுப்பேற்க ஸ்பான்சர் என்று ஒருவர் வேண்டும். பெரியவள் பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள் என்று வந்து, "அம்மா, உன் ஸ்பான்சர் யாரு?" என்று கேட்டாள். நான் என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். சுமதி கறிவேப்பிலையை உருவிக்கொண்டே, "கோவிந்தராசு தாத்தா" என்றாள். பிறகு காரணத்தையும் சொன்னாள். நடித்துக் காட்டினாள்.

அதிலிருந்து லீவில் ஊருக்குப் போய் இறங்கியதும் பிள்ளைகள் "ஸ்பான்சர் தாத்தா" என்று அடுத்த வீட்டுக்குத்தான் முதலில் ஓடுகிறார்கள். வயதாகிவிட்டது, ஆனாலும் என்னைப் பார்த்ததும் அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து சட்டென்று எழுந்துவிடுகிறார். தெரியாதவர்கள், மாப்பிள்ளைக்கு இன்னும் என்ன மரியாதை பாருங்கள் என்று நெகிழ்ந்து போகிறார்கள். அவர் முதுகைச் சுவரோடு ஒட்டினாற்போல் நின்றுகொண்டு, பெட்டிகளைக் காரிலிருந்து இறக்குவதற்கு முன்பே கேட்டுவிடுவார்:

"வாங்க மாப்ள. ரிட்டன் டிக்கெட் எப்பவுக்கு?"